நெப்டியூனின் நீலம்

நான் படித்த பள்ளியின் அறிவியல் கூடத்தில், சூரியக் குடும்பத்தைக் காட்டும் நீளமான சுவர்ப்படம் ஒன்று தொங்கியது. புளூட்டோவும் கோள்களின் வரிசையில் இருந்த காலம் அது. அதற்கு முந்தைய இடத்தில் நெப்டியூன், மைக்கூட்டைக் கவிழ்த்ததுபோன்ற கருநீலத்தில் உருண்டிருந்தது. அதன் பக்கத்தில் இருந்த யுரேனஸ், பலமுறை துவைத்த துணியைப்போல வெளிறிய பச்சைநீலத்தில் இருந்ததால் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. நெப்டியூன் என்ற பெயரைக் கேட்டாலே அந்தக் கருநீலம் கண்முன் வந்து நிற்கும் வழக்கம் எனக்கு முப்பது ஆண்டுகளாக இருந்தது. 2024 ஜனவரியில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் பேட்ரிக் இர்வினும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை அந்த வழக்கத்தை முடித்துவைத்தது. ஹபிள் தொலைநோக்கியும் சிலி நாட்டில் உள்ள பெருந்தொலைநோக்கியும் பதிவுசெய்த நிறமாலைகளைக் கொண்டு, மனிதக் கண்ணுக்கு இந்தக் கோள்கள் எப்படித் தெரியும் என்று அவர்கள் கணக்கிட்டுப் பார்த்தார்கள். இரண்டுமே ஏறத்தாழ ஒரே வெளிர் பச்சைநீலம் என்பதுதான் விடை. நெப்டியூனைச் சூழ்ந்துள்ள புகைமூட்டம் சற்று மெல்லியது என்பதால் அதில் நீலம் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

செய்தி வெளியான வாரத்தில், "இத்தனை நாளும் நம்மை ஏமாற்றியிருக்கிறார்கள்" என்ற பேச்சை நண்பர்களிடம் பலமுறை கேட்டேன். எனக்கும் முதலில் அப்படியொரு வருத்தம் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் ஏமாற்றியவர் யார் என்று தேடிப்போனால், அங்கே குற்றவாளி யாரும் அகப்படவில்லை. வாயேஜர் 2 விண்கலம் 1989 ஆகஸ்டில் நெப்டியூனைக் கடந்தபோது எடுத்த படங்களை வெளியிட்டவர்கள், மெல்லிய மேகங்களும் கோளின் முகத்தில் இருந்த பெரும் கரும்புள்ளியும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக நிறமும் மாறுபாடும் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வேறுபாடு) கூட்டப்பட்டிருக்கின்றன என்பதைப் படக்குறிப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள். படம் பாடநூலுக்கும் நாட்காட்டிக்கும் சுவர்ப்படத்துக்கும் போயிற்று. குறிப்பு வழியிலேயே உதிர்ந்துவிட்டது. அதற்குப் பிறகுதான், ஒரு விண்கலத்துக்கும் நம் கண்ணுக்கும் இடையில் படம் என்ன பாடுபடுகிறது என்பதைத் தெரிந்துகொள்ளும் ஆவல் எனக்குப் பிடித்துக்கொண்டது. ஓய்வு நேரத்தின் பெரும்பகுதியை ஓராண்டுக்கு மேலாக அது விழுங்கியிருக்கிறது.

இந்தக் கதையைச் சொல்ல 1965 ஜூலைக்குப் போவதுதான் சரி. அமெரிக்காவின் மரைனர் 4 விண்கலம் அந்த மாதம் 14, 15 தேதிகளில் செவ்வாயை ஏறத்தாழ 9,800 கிலோமீட்டர் தொலைவில் கடந்தபடி, 21 முழுப் படங்களையும் இருபத்திரண்டாவதின் ஒரு துண்டையும் காந்த நாடாவில் பதிந்துகொண்டது. ஒவ்வொரு படமும் குறுக்கில் 200, நெடுக்கில் 200 புள்ளிகள் கொண்டது. ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சமும் 0 முதல் 63 வரையிலான ஓர் எண். அந்த எண்ணை எழுத ஆறு பிட்டுகள், அதாவது 0 அல்லது 1 என்ற ஆறு இலக்கங்கள், வேண்டும். ஆக ஒரு படத்துக்கு 2,40,000 பிட்டுகள். விண்கலமோ நொடிக்கு எட்டேகால் பிட்டுக்குச் சற்றே மேற்பட்ட வேகத்தில்தான் அவற்றைப் பூமிக்கு அனுப்ப முடிந்தது. ஒரு படம் வந்து சேர எட்டு மணி நேரம்! இன்று கைப்பேசியில் ஒரு படம் திறக்க மூன்று விநாடி ஆனாலே நமக்குப் பொறுமை போய்விடுகிறது.

நாடாப்பதிவுக் கருவி ஒழுங்காக வேலை செய்ததா என்ற ஐயம் கலிபோர்னியாவில் உள்ள ஜெட் உந்துவிசை ஆய்வகத்தின் பொறியாளர்களுக்கு இருந்தது. கணினி அந்த எண்களைப் படமாக்கித் தரும்வரை காத்திருக்க அவர்களுக்கு மனமில்லை. ரிச்சர்ட் க்ரம் என்பவரின் தலைமையில், வந்துகொண்டிருந்த எண்களை நீளக் காகிதப் பட்டைகளில் அச்சிட்டு, அவற்றை வரிசையாகச் சுவர்ப்பலகையில் ஊசியடித்து, எண்ணுக்கேற்ற வண்ணத்தைக் கையாலேயே தீட்டத் தொடங்கினார்கள். சாம்பல் சாயைகளில் வண்ணக்கட்டி வேண்டும் என்று ஓவியப் பொருள்கள் விற்கும் கடையில் கேட்டபோது, பேஸ்டல் கட்டிகள்தாம் கிடைத்தனவாம். கிடைத்ததை வைத்துக்கொண்டு, இருட்டான எண்களுக்குப் பழுப்பு, நடுத்தரமானவற்றுக்குச் சிவப்பு, வெளிச்சமானவற்றுக்கு மஞ்சள் என்று ஒரு கணக்கு வகுத்துக்கொண்டார்கள். செவ்வாய் சிவப்பு என்பதற்காக அவர்கள் அந்த வண்ணங்களைத் தேர்ந்தெடுக்கவில்லை. வெளிச்சத்தின் ஏற்றத்தாழ்வைக் காட்ட அவை வசதியாக இருந்தன. சிறுவர்களின் எண்ணைப் பார்த்து வண்ணம் தீட்டும் புத்தகத்தைப்போல, பட்டை பட்டையாகச் செவ்வாயின் விளிம்பு அந்தச் சுவரில் எழுந்தது. முறையாகத் தயாரிக்கப்பட்ட படம் வெளிவரும் முன்னரே தொலைக்காட்சிக்காரர்கள் இந்தக் கைவண்ணத்தைப் படம்பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். பின்னர் அந்தப் பலகையை வெட்டியெடுத்துச் சட்டமிட்டு, ஆய்வக இயக்குநர் வில்லியம் பிக்கரிங்குக்குப் பரிசாகக் கொடுத்தார்கள்.

இந்தப் பலகையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பது எனக்கு இன்றும் சலிக்காத பொழுதுபோக்கு. வண்ணத்துக்கு அடியில் எண்கள் அப்படியே தெரிகின்றன. விண்வெளியிலிருந்து வந்தவை அந்த எண்கள் மட்டுமே. வண்ணம் முழுவதும் பூமியில், மனிதக் கையால், ஒரு கடையில் வாங்கிய கட்டியால் வந்தது. அதனால் அந்தப் படம் பொய்யாகிவிட்டதா என்றால், இல்லை. கோளின் விளிம்பு இருந்த இடத்தில்தான் விளிம்பு இருக்கிறது; வெளிச்சம் கூடிய இடத்தில்தான் மஞ்சள் இருக்கிறது. எந்த வண்ணம் எந்த எண்ணைக் குறிக்கிறது என்ற விவரமும் அதே பலகையில், படத்தோடு சேர்த்து எழுதப்பட்டிருக்கிறது. நெப்டியூன் சுவர்ப்படத்தில் இல்லாமல்போனது இந்த ஒன்றுதான்.

மரைனருக்கு முன்பும் வேற்றுலகப் படங்கள் வந்தன. 1959 அக்டோபர் 7 அன்று நிலவின் மறுபக்கத்தை முதன்முதலில் படம்பிடித்த சோவியத் ஒன்றியத்தின் லூனா 3, உண்மையான படச்சுருளையே சுமந்துசென்றது. படங்களை எடுத்து முடித்ததும் விண்கலத்துக்குள்ளேயே படச்சுருளை மருந்தில் நனைத்துக் கழுவி உலர்த்தி, பிறகு ஒளிப்புள்ளி ஒன்றால் கோடுகோடாக வருடி வானொலி வழியே அனுப்பிவைத்தது. நிலவைச் சுற்றிப் பறந்த இருட்டறை என்று அதைச் சொல்லலாம். 1966 பிப்ரவரி 3 அன்று நிலவில் இறங்கிய லூனா 9-இன் கதை வேறுவிதமான வேடிக்கை. இங்கிலாந்தின் ஜோட்ரல் பேங்க் வானொலி நிலையத்தில் அதன் குறிகைகளை ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு, அவை செய்தித்தாள் அலுவலகங்கள் படங்களைத் தந்தி வழியே அனுப்பும் முறையைப்போல ஒலித்தன. டெய்லி எக்ஸ்பிரஸ் நாளிதழிடமிருந்து அதற்கான கருவியை வரவழைத்துப் பொருத்தினார்கள்; படம் வந்தேவிட்டது. எடுத்தவர்கள் வெளியிடும் முன் கேட்டவர்கள் வெளியிட்டார்கள். ஆனால் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் பிசகிவிட்டதால், நிலவின் தரை உண்மையைவிடக் கரடுமுரடாகத் தெரிந்தது. எண்கள் சரியாக இருந்தாலும் அவற்றை அடுக்கும் முறை தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இது போதும்.

அடுக்குவது எவ்வளவு கடினம் என்பதை நானே செய்து பார்த்துத்தான் உணர்ந்தேன். வாயேஜரின் மூலப்பதிவுகள் அனைத்தும் நாசாவின் கோள் தரவுக் காப்பகத்தில் யாரும் எடுத்துக்கொள்ளும்படி கிடக்கின்றன. வாயேஜரின் படக்கருவி வண்ணப்படம் எடுப்பதில்லை. 800-க்கு 800 புள்ளிகள் கொண்ட கறுப்புவெள்ளைப் படத்தை, ஒவ்வொரு முறையும் ஒரு நிறவடிகட்டிக்குப் பின்னாலிருந்து எடுக்கும். அதிலிருந்த விடிகான் என்ற பழையவகைப் படக்குழாய்க்குச் சிவப்பில் பார்வை மந்தம் என்பதால் சிவப்பு வடிகட்டியே வைக்கவில்லை. ஆரஞ்சு, பச்சை, நீலம், ஊதா என்றுதான் இருந்தன. ஆகவே நம் கணினித் திரையின் சிவப்பு இடத்தில் ஆரஞ்சு வடிகட்டிப் படத்தை உட்காரவைப்பதே முதல் சமரசம். நான் முதலில் வியாழனின் மூன்று படங்களை எடுத்து அடுக்கினேன். வியாழன் பத்து மணி நேரத்துக்குள் ஒருமுறை தன்னைச் சுற்றிவிடும் கோள்; ஒரு வடிகட்டியிலிருந்து அடுத்ததற்கு மாறுவதற்குள் மேகங்கள் நகர்ந்துவிடுகின்றன, விண்கலமும் நகர்ந்துவிடுகிறது. எனக்குக் கிடைத்தது, ஒருபக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமும் கசிந்த, மூன்று முறை தடம்புரண்டு அச்சான திருவிழாச் சுவரொட்டி போன்ற ஒன்று. அதன்மேல் வரிசை வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள் வேறு. தூசி என்று நினைத்து ஒரு மாலை முழுவதும் அவற்றை அழித்துக்கொண்டிருந்த பிறகுதான், படக்குழாயில் ஏற்படும் வளைவுகளை அளந்து திருத்துவதற்காக அந்தப் புள்ளிகளை வேண்டுமென்றே பொறித்திருக்கிறார்கள் என்பது தெரிந்தது. அளவுகோலை அழித்துவிட்டு அளக்கப் பார்த்திருக்கிறேன்!

இந்தியாவின் மங்கள்யான் எடுத்த செவ்வாய்ப் படங்களில் இந்தத் தொல்லை இல்லை. கைப்பேசிகளில் இருப்பதுபோன்றே, சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள் கலந்து பரவிய உணரி அதன் வண்ணப் படக்கருவியில் இருந்தது. ஒரே சொடுக்கில் மூன்று நிறமும் பதிவாகிவிடும். 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்தபோது, ஒரு முனையில் சுமார் 420 கிலோமீட்டரும் மறுமுனையில் சுமார் 77,000 கிலோமீட்டரும் உயரம் கொண்ட நீள்வட்டத்தில் அது சுற்றத் தொடங்கியது. எரிபொருளைக் கருதி அமைந்த அந்தப் பாதையே, தாழ்வாகச் சுற்றும் பிற கலங்களுக்கு வாய்க்காத முழுவட்டச் செவ்வாயை அதற்குக் காட்டியது.

வாயேஜருக்குத் திரும்புகிறேன். நெப்டியூன் படத்தில் மாறுபாட்டைக் கூட்டியதைக் குற்றமாகச் சொல்பவர்களிடம் நான் சொல்லும் கதை ஒன்று உண்டு. வாயேஜர் 1 வியாழனைக் கடந்து மூன்று நாள் கழிந்து, 1979 மார்ச் 8 அன்று, அயோ என்ற துணைக்கோளை நாற்பத்தைந்து லட்சம் கிலோமீட்டர் தொலைவிலிருந்து திரும்பிப் பார்த்து ஒரு படம் எடுத்தது. அறிவியலுக்காக எடுத்த படம் அன்று அது. விண்கலம் சரியாக எங்கே இருக்கிறது என்பதை, பின்னணியில் உள்ள விண்மீன்களை வைத்துக் கணக்கிடுவதற்காக எடுத்த வழிகாட்டுப் படம். விண்மீன்கள் மங்கலானவை என்பதால் அயோவின் முகம் வெளுத்துப்போகும்படி அதிக நேரம் ஒளியை உள்ளே விட்டிருந்தார்கள். வழிநடத்தும் குழுவில் இருந்த லிண்டா மொராபிட்டோ, மங்கலான விண்மீன் ஒன்றைத் தேடித் திரையில் வெளிச்சத்தை இன்னும் கூட்டினார். அப்போது அயோவின் விளிம்புக்கு வெளியே, இன்னொரு நிலவு பின்னால் ஒளிந்திருந்து எட்டிப்பார்ப்பதுபோலக் குடை வடிவில் ஏதோ தெரிந்தது. படக்கருவியின் பழுதோ, வேறொரு துணைக்கோளோ என்று ஒவ்வொன்றாகச் சோதித்து விலக்கிய பிறகு எஞ்சியது ஒன்றே: ஓர் எரிமலை, தரையிலிருந்து முந்நூறு கிலோமீட்டர் அளவுக்கு மேலே கக்கிக்கொண்டிருந்தது. பூமிக்கு வெளியே, வெடித்துக்கொண்டிருக்கும் எரிமலையை மனிதர் கண்டது அதுவே முதல்முறை. இதில் இன்னொரு சுவையும் உண்டு. வியாழனின் ஈர்ப்பு அயோவைப் பிசைந்து பிசைந்து உள்ளே உருக்கியிருக்க வேண்டும் என்று ஸ்டான்டன் பீல், பேட்ரிக் காசன், ரே ரெனால்ட்ஸ் ஆகிய மூவரும் எழுதிய கட்டுரை அந்த மார்ச் 2 அன்றுதான் அச்சாகியிருந்தது.

அந்தப் படத்தை உள்ளது உள்ளபடியே, வெளிச்சத்தைத் தொடாமல் வைத்துப் பார்த்திருந்தால் அந்தப் புகைக்குடை இருட்டோடு இருட்டாகவே இருந்திருக்கும். மாறுபாட்டைக் கூட்டுவது மூக்குக்கண்ணாடி போட்டுக்கொள்வதைப்போல ஒரு செயல்தான்.

நிறம் என்பது வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பதைக் காட்டிலும் சிக்கலான விவகாரம். 1976 ஜூலை 20 அன்று அமெரிக்காவின் வைக்கிங் 1 விண்கலம் செவ்வாயின் கிரைசி சமவெளியில் இறங்கி, தன் காலடியைத்தான் முதலில் படம் எடுத்தது. மறுநாள் வந்த முதல் வண்ணப்படத்தை அவசரமாகச் சேர்த்து வெளியிட்டபோது, அதில் வானம் நம்மூர் வானத்தைப்போல இளநீலமாக இருந்தது. வைக்கிங்கின் நிறவடிகட்டிகள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் கொஞ்சம் கசியவிட்டதால், விண்கலத்திலேயே பொருத்தி அனுப்பிய வண்ண அட்டைகளைப் பார்த்து நிறங்களைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. அப்படிச் சரிசெய்ததும் வானம் இளஞ்சிவப்பாக மாறிற்று. மெல்லிய காற்றில் எப்போதும் மிதந்துகொண்டிருக்கும் துருப்பிடித்த நுண்தூசிதான் அதற்குக் காரணம். இதைச் செய்தியாளர்களிடம் வைக்கிங் குழுவின் அறிவியலாளர் ஜேம்ஸ் போலாக் அறிவித்தபோது அரங்கில் எதிர்ப்புக் கூச்சல் எழுந்தது. செவ்வாயும் நம் பூமியைப்போல இருக்க வேண்டும் என்ற ஆசைதான் அந்தக் கூச்சலில் ஒலித்தது என்று வானியலாளர் கார்ல் சேகன் பிறகு கடிந்துகொண்டார். நெப்டியூனின் நீலத்துக்காக வருந்திய என்னையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம். செவ்வாயின் வானத்தில் நீலமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. சூரியன் மறையும் நேரத்தில், அதே தூசி சூரியனைச் சுற்றி நீல ஒளியை நம்மை நோக்கிச் சிதறடிக்கிறது. ஸ்பிரிட் ஊர்தி 2005 மே 19 அன்று கூசேவ் பள்ளத்தின் விளிம்புக்கு மேலே எடுத்த அந்தி இதற்குச் சான்று. நம்முடைய பகல் அங்கே அந்தியாகவும் நம்முடைய அந்தி அங்கே பகலாகவும் நிறம் மாறிக்கிடக்கிறது.

எல்லாவற்றிலும் என்னைத் திணறடித்தவை வெள்ளிக் கோளின் தரைப்படங்கள்தாம். வேறொரு கோளின் தரையிலிருந்து வந்த முதல் படம் செவ்வாயினுடையது என்று பலரும் நினைக்கிறார்கள். வைக்கிங்குக்கு ஒன்பது மாதம் முன்பே, 1975 அக்டோபர் 22 அன்று, சோவியத்தின் வெனேரா 9 வெள்ளியின் தரையைக் காட்டிவிட்டது. ஈயம் உருகும் வெப்பம். நம் கடல்மட்டக் காற்றழுத்தத்தைப்போலத் தொண்ணூறு மடங்கு அழுத்தம். படக்கருவியை அங்கே வெளியில் நீட்ட வழியில்லை. தடித்த உலோகக் கோளத்துக்குள் அதைப் பத்திரமாக வைத்து, குவார்ட்சுச் சாளரத்தின் வழியே, ஆடும் கண்ணாடி ஒன்றின் துணையால் வெளியே பார்க்கவைத்தார்கள். கண்ணாடி மேலும் கீழும் ஆட, வெளிச்சம் கோடு கோடாக அளக்கப்பட்டு, மேலே பறக்கும் துணைக்கலத்தின் வழியே பூமிக்கு வந்தது. அந்தக் கலம் தொடுவானத்துக்குக் கீழே போகும்வரை, அல்லது தரையிறங்கிய கலம் வெந்து சாகும்வரை, எது முந்துகிறதோ அதுவரைதான் நேரம்.

அந்த நேரத்துக்குள் கெட்டுப்போனவற்றின் பட்டியலைப் படித்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வெனேரா 9, வெனேரா 10 இரண்டிலும் ஆளுக்கு இரண்டு படக்கருவிகள்; இரண்டிலும் ஒவ்வொரு மூடி கழன்று விழாமல் ஒட்டிக்கொண்டதால், 360 பாகை காட்ட வேண்டிய படம் 180 பாகையோடு நின்றது. 1978 டிசம்பரில் இறங்கிய வெனேரா 11-இலும் 12-இலும் ஒரு மூடிகூடத் திறக்கவில்லை. இரண்டு கலங்கள் அவ்வளவு தூரம் போய்க் கண்ணைத் திறக்காமலே மாண்டன. 1982 மார்ச்சில் வெனேரா 13-உம் 14-உம் இறங்கியபோது மூடிகள் ஒழுங்காகக் கழன்றன. கழன்ற மூடிகளில் ஒன்று, வெனேரா 14-இன் மண் உறுதியைச் சோதிக்கும் கரம் கீழிறங்கும் இடத்திலேயே போய் விழுந்தது. கரம் வெள்ளியின் மண்ணை விட்டுவிட்டுப் பூமியில் செய்த மூடியைச் சோதித்தது என்று சொல்லப்படுவதுண்டு. படத்தில் கரத்தையும் மூடியையும் சேர்ந்தே பார்க்கலாம்.

வெனேரா 13 தாக்குப்பிடிக்க வேண்டும் என்று கணக்கிட்ட நேரம் 32 நிமிடம். அது 127 நிமிடம் உயிரோடிருந்தது. சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளோடு அது அனுப்பிய படங்களில் தட்டையான கற்பாளங்களும் அவற்றிடையே பொடிமண்ணும் ஆரஞ்சு நிறத்தில் கிடக்கின்றன. அந்தக் கற்கள் ஆரஞ்சு நிறம்தானா? வெள்ளியின் அடர்ந்த காற்று நீல ஒளியை வழியிலேயே தின்றுவிடுவதால், தரைக்கு வந்துசேரும் வெளிச்சமே ஆரஞ்சு. அந்த வெளிச்சத்தில் வெள்ளைக் காகிதமும் ஆரஞ்சாகத்தான் தெரியும். கலத்தில் பொருத்தியிருந்த வண்ண அட்டையைக் கொண்டு ஒளியின் நிறத்தைக் கழித்துப் பார்த்தால், கற்கள் நம் எரிமலைப் பாறைகளைப்போலச் சாம்பலாக இருக்கின்றன. இப்போது எது உண்மை நிறம்? அங்கே நிற்கும் மனிதனுக்கு, அப்படி ஒருவன் நிற்கக்கூடுமானால், உலகமே ஆரஞ்சு. அந்தக் கல்லைப் பூமிக்குக் கொண்டுவந்து வெயிலில் வைத்துப் பார்ப்பவருக்குச் சாம்பல். மஞ்சள் விளக்கு எரியும் துணிக்கடையில் புடவையைத் தேர்ந்தெடுத்துவிட்டு, வாசலில் கொண்டுபோய் வெயிலில் விரித்துப் பார்க்கும் பெண்களுக்கு இந்தச் சிக்கலை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. செவ்வாயில் இன்று உலவும் கியூரியாசிட்டி ஊர்தியின் படங்களையும் இப்படி இரு விதமாகத் தருகிறார்கள்: செவ்வாயின் ஒளியில் உள்ளபடி ஒன்று, பூமியின் பகலொளியில் இருப்பதாகக் கொண்டு திருத்திய மற்றொன்று. பாறையை வகை பிரித்துப் பழகிய நிலவியலாளர்களுக்கு இரண்டாவதுதான் வேண்டும். இரண்டில் எதையும் பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இந்தப் பயிற்சிகளுக்குப் பிறகுதான் நெப்டியூனைத் தொடும் துணிச்சல் எனக்கு வந்தது. அங்கே சூரிய ஒளி பூமியில் உள்ளதில் தொள்ளாயிரத்தில் ஒரு பங்கு. பல விநாடிகள் ஒளியை உள்ளே விட்டால்தான் எதுவும் பதியும். ஆனால் விண்கலம் விரைந்துகொண்டிருப்பதால் படம் இழுபட்டுப்போகும். ஓடும் ரயிலிலிருந்து படமெடுப்பவர் கருவியைத் திருப்பிக்கொண்டே எடுப்பதைப்போல, விண்கலம் முழுவதையுமே மெல்லத் திருப்பி அந்த இழுப்பை ஈடுசெய்தார்கள். பூமியை எட்டும்போது குறிகை அவ்வளவு நலிந்திருந்ததால், கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோனில் உள்ள பெரிய வானொலி வாங்கியோடு நியூ மெக்சிகோவில் வரிசையாக நிற்கும் இருபத்தேழு வானொலித் தட்டுகளையும் சேர்த்துக் கேட்டார்கள். 1977-இல் ஏவிய கலத்தின் கணினிக்கு வழியிலேயே புதிய நிரலை அனுப்பி, புள்ளிகளின் முழு எண்களுக்குப் பதிலாகப் பக்கத்துப் புள்ளியோடு உள்ள வேறுபாட்டை மட்டும் அனுப்பக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அதனால் ஒரு படத்துக்கு வேண்டிய பிட்டுகள் பாதிக்கும் கீழே குறைந்தன. நான்கு மணி நேரத்துக்கு மேல் பயணித்து வந்துசேர்ந்த அந்த எண்களே என் கணினியிலும் கிடந்தன.

மூன்று வடிகட்டிப் படங்களையும் அடுக்கி, மென்பொருளின் தானியங்கித் திருத்தப் பொத்தானை அழுத்தினேன். நெப்டியூன் ஏறத்தாழ வெள்ளையாக, சுண்ணாம்பு உருண்டையாக வந்து நின்றது. ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாக உச்சத்துக்கு இழுத்துவிட்டிருந்தது அந்தப் பொத்தான். அதற்கு நெப்டியூன் என்றால் என்ன தெரியும்? பிறகு ஒவ்வொரு வடிகட்டிக்கும் ஒளிபட்ட நேரம் எவ்வளவு, எந்த நிறத்தில் படக்கருவிக்கு எவ்வளவு பார்வை என்பதையெல்லாம் குறிப்புகளில் தேடி, எண்களை வகுத்துப் பெருக்கிச் சரிசெய்தேன். இப்போது வந்தது வெளிர் பச்சைநீலம். மேற்காற்றில் உள்ள மீத்தேன் சிவப்பைக் குடித்துவிடுவதால் எஞ்சும் நிறம் அது. அழகாகத்தான் இருந்தது, ஆனால் மேகங்களும் கரும்புள்ளியும் பாலில் கரைந்த சர்க்கரையாக மறைந்திருந்தன. அவற்றை வெளியே கொண்டுவர, மூன்று அடுக்குகளிலிருந்தும் ஒரே அளவைக் கழித்துவிட்டு எஞ்சியதைப் பெரிதாக்கினேன். பூமியளவு அகன்ற அந்தக் கரும்புள்ளியும் அதன் விளிம்பில் வெள்ளை மேகக் கீற்றுகளும் மேலெழுந்து வந்தன. ஏற்கெனவே மெலிந்திருந்த ஆரஞ்சு அடுக்கு அந்தக் கழித்தலில் ஏறத்தாழ இல்லாமலே போய்விட்டதால், கோள் முழுவதும் கருநீலமாகிக்கொண்டே வந்தது. கையைச் சுட்டியிலிருந்து எடுத்துவிட்டுச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பள்ளிச் சுவரில் தொங்கிய அதே நீலம். 1989-இல் மேகத்தைத் தேடிய யாரோ ஒருவர் சென்ற தடத்திலேயே நானும் நடந்து, அவர் நின்ற இடத்திலேயே வந்து நின்றிருந்தேன்.

இரண்டு படங்களையும் சேமித்து, ஒன்றுக்கு 'நெப்டியூன், கண்ணுக்குத் தெரியும் நிறம்' என்றும் மற்றதற்கு 'நெப்டியூன், மேகம் தெரிவதற்காக நிறம் கூட்டியது' என்றும் கோப்புப் பெயர் வைத்தேன். விடுமுறைக்கு வந்திருந்த அக்காள் மகன் இரண்டையும் மாறிமாறிப் பார்த்தான். வெளிர்நிறத்தைக் காட்டி, "இது என்ன மாமா, சாயம் போனமாதிரி இருக்கு" என்றான். கருநீலத்தைத் தன் வகுப்பு நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினான். கோப்பின் பெயர் அதனுடன் போகவில்லை.